பிளடி மேரி யாருடையது? புளி, மிளகு, தக்காளியைக் கோப்பையில் சேர்த்த பிரெஞ்சுக்காரர் ஃபெர்னான் பெத்தியோவின் கதை

ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக்காலில் ஏதாவது ஒரு வீட்டு அடுப்படியை எட்டிப் பாருங்க. புளி ஊறிக்கிட்டு இருக்கும். பழுத்த தக்காளியைக் கையால் பிசைந்து வைத்திருப்பார்கள். அம்மியிலோ மிக்சியிலோ மிளகும் பூண்டும் நசுங்கும். இன்னும் பத்து நிமிடத்தில் ரசம் ரெடி.

இதே தக்காளி, இதே மிளகு, கூடவே கொஞ்சம் புளி, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். இவற்றை ஐஸ் போட்ட கோப்பையில் சேர்த்து, நியூயார்க்கின் பணக்கார ஹோட்டல் ஒன்றில் நாள் முழுக்க ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் ஃபெர்னான் பெத்தியோ. அந்தப் பானத்தின் பெயர் பிளடி மேரி.

ஞாயிறு மதியம் காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாகச் சாப்பிடும் பிரஞ்ச் மெனுவில் இன்று உலகம் முழுக்க இருக்கும் காக்டெயில் இது. ஆனால், இதை உருவாக்கியவர் யார் என்பதில் பல ஆண்டுகளாகச் சண்டை. ஒரு பக்கம் புகழ்பெற்ற மேடை நட்சத்திரம். இன்னொரு பக்கம் பார் கவுன்டருக்குப் பின்னால் நின்று வேலை பார்த்த தொழிலாளி. யார் சொல்வது சரி? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பெத்தியோ?

1900-ம் ஆண்டு பாரிஸில் பிறந்தவர் ஃபெர்னான் பெத்தியோ. அப்போது நம்ம காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1739-ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய ஊர் இது. 1954 நவம்பர் 1-ம் தேதிதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ல் சட்டப்படியான இணைப்பும் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் காரைக்காலில் உண்டு.

பெத்தியோ காரைக்காலுக்கு வந்தவர் இல்லை. ஆனால் அவர் கோப்பையில் விழுந்த மசாலாக்கள் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ரொம்பவே பழக்கமானவை. அது எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

பதின்ம வயதிலேயே வேலைக்குப் போய்விட்டார் பெத்தியோ. பாரிஸில் தோனு வீதி 5-ம் எண்ணில் நியூயார்க் பார் என்று ஒரு கடை. 1911-ல் தொடங்கிய அந்தக் கடையில் அமெரிக்கர்கள்தான் அதிகம் வருவார்கள். அங்கே சமையலறை எடுபிடியாகச் சேர்ந்தவர், பிறகு பார்டெண்டர் ஆனார். வாடிக்கையாளர்கள் அவரைச் சுருக்கமாக பீட் என்று கூப்பிட்டார்கள்.

1923-ல் அந்தக் கடையை ஸ்காட்லாந்துக்காரரான ஹாரி மெக்கெல்ஹோன் வாங்கினார். கடையின் பெயர் ஹாரிஸ் நியூயார்க் பார் ஆனது. அதே முகவரியில் அந்தக் கடை இன்றும் இருக்கிறது.

பாரிஸில் என்ன நடந்தது?

முதல் உலகப்போர் முடிந்த நேரம். 1917 புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த பலர் பாரிஸில் குடியேறினார்கள். அவர்களோடு வோட்காவும் வந்தது. பெத்தியோவுக்கு அதன் ருசி பிடிக்கவில்லை, மணமும் சுவையும் இல்லாத சரக்காகத் தெரிந்தது என்று ஒரு கதை உண்டு. அதற்கு என்ன சேர்க்கலாம் என்று தேடியவர் தக்காளிச் சாற்றைக் கண்டுபிடித்தார் என்பார்கள். இது 1920-களின் தொடக்கத்தில் நடந்தது என்பது பாரிஸ் கடை சொல்லும் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டின்னில் அடைத்த தக்காளிச் சாறு கடைகளில் பரவலாகக் கிடைக்க ஆரம்பித்ததே 1920-களின் பிற்பகுதியில்தான். அதனால் பாரிஸ் கதையைச் சந்தேகத்தோடு பார்க்கும் வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. பாரிஸில் ஏதோ ஒரு ஆரம்பம் இருந்திருக்கலாம். ஆனால் இன்று உலகம் குடிக்கும் காரசாரமான பிளடி மேரி அங்கே பிறந்தது என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது.

அமெரிக்கா அழைத்தது எப்படி?

1920-களின் மத்தியில் பெத்தியோ அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் உள்ள கேன்டன் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு தனியார் கிளப்பில் வேலை. அப்போது அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. 1920-ல் தொடங்கி 1933 டிசம்பர் வரை அது நீடித்தது.

மதுவிலக்கு முடிந்ததும் பெரிய ஹோட்டல்கள் அவசர அவசரமாக பார்களைத் திறந்தன. 13 வருட இடைவெளியில் கைத்தொழில் தெரிந்த பார்டெண்டர்கள் குறைந்து போயிருந்தார்கள். பாரிஸில் தொழில் கற்றவருக்கு மவுசு இருக்காதா? 1934-ல் நியூயார்க்கின் செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலில் பெத்தியோ சேர்ந்தார்.

இந்த ஹோட்டலைக் கட்டியவர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர். 1912-ல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது இறந்த அதே கோடீஸ்வரர்தான். இங்கே உள்ள கிங் கோல் பாரில் சுமார் 30 அடி நீள ஓவியம் ஒன்று இருக்கிறது. குழந்தைப் பாட்டில் வரும் கோல் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சி அது. வரைந்தவர் மேக்ஸ்ஃபீல்ட் பாரிஷ். அந்த ஹோட்டலில் 30 ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தார் பெத்தியோ.

அவர் சேர்த்தது என்ன?

இங்கேதான் விஷயம் இருக்கு.

வோட்காவும் தக்காளிச் சாறும் பாதிக்குப் பாதி. அவ்வளவுதான் முதலில் இருந்த பானம். ருசி என்று பெரிதாக எதுவும் இல்லை. அதை மாற்றியது தன் கைதான் என்று 1964-ல் நியூயார்க்கர் இதழிடம் பெத்தியோ விளக்கினார். அதில் அவர் செய்முறையையும் சொன்னார்.

ஷேக்கரின் அடியில் முதலில் தாராளமாக உப்பு. அதன் மேல் கொஞ்சம் கருமிளகுத்தூள். பிறகு கொஞ்சம் சிவப்பு மிளகாய்த்தூள். அடுத்து அடி மறையும் அளவுக்கு வூஸ்டர்ஷயர் சாஸ். கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, உடைத்த ஐஸ். பிறகு 2 அவுன்ஸ் வோட்காவும் 2 அவுன்ஸ் கெட்டியான தக்காளிச் சாறும், அதாவது நம்ம கணக்கில் தலா 60 மில்லி. குலுக்கி, வடிகட்டி ஊற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 100 முதல் 150 கோப்பை வரை போனதாக அவர் கணக்குச் சொன்னார்.

இப்போது அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. தக்காளி, மிளகு, மிளகாய், உப்பு, எலுமிச்சை. அட, இது நம்ம அடுப்படிதானே!

புளி எங்கே? அது வூஸ்டர்ஷயர் சாஸில் ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த லீ, பெரின்ஸ் என்ற இருவர் 1837-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த சாஸ் அது. வினிகர், வெல்லப்பாகு, உப்பு, பூண்டு, வெங்காயம், மசாலாவோடு இரண்டு முக்கியப் பொருட்கள் அதில் உண்டு. ஒன்று புளி. இன்னொன்று உப்பில் ஊறிப் பக்குவமான, நம்ம நெத்திலியின் உறவுக்கார மீன். காரைக்கால் கடற்கரை ஆட்களுக்கு நெத்திலியும் புளியும் சேர்ந்தால் என்ன ருசி வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வங்காளத்தில் ஆளுநராக இருந்த ஒரு பிரபு அந்த சாஸின் செய்முறையை ஊருக்குக் கொண்டுபோனார் என்று ஒரு பிரபலக் கதை உண்டு. ஆனால் கதையில் வரும் சாண்டிஸ் என்ற பெயரில் வங்காள ஆளுநர் யாரும் இருந்ததில்லை. கதை பொய்யாக இருக்கலாம். புளி மட்டும் நிஜம்.

மிளகுக்கும் ஒரு பிரெஞ்சுத் தொடர்பு இருக்கு. இன்று காரைக்கால் போலவே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இருக்கும் மாஹேயை 1720-களில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தது மலபார் மிளகு வியாபாரத்துக்காகத்தான். தக்காளியும் மிளகாயும் எதிர்த் திசையில் பயணம் செய்தவை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தவை. ஆக, ரசமும் பிளடி மேரியும் ஒரே கடல் வியாபாரத்தின் இரண்டு பிள்ளைகள் என்று சொல்லலாம்.

பெயரில் என்ன சண்டை?

பிளடி மேரி என்றால் ரத்தக்கறை படிந்த மேரி. 1553 முதல் 1558 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் மேரி ராணிக்கு இந்தப் பட்டப்பெயர் உண்டு. அவர் ஆட்சியில் சுமார் 280 புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பானத்தின் சிவப்பு நிறத்தால் ராணியின் பெயர் வந்தது என்பது ஒரு கணக்கு.

சிகாகோவில் ரத்த வாளி என்று பெயர் வைத்த ஒரு கேளிக்கை விடுதியில் மேரி என்ற பெண் இருந்தாள், அவள் நினைவாக ஒரு வாடிக்கையாளர் வைத்த பெயர் இது என்பது இன்னொரு கணக்கு. எது சரி என்று இதுவரை முடிவாகவில்லை.

செயின்ட் ரீஜிஸ் ஹோட்டல்காரர்களுக்கு இந்தப் பெயரே பிடிக்கவில்லை. பெரிய மனிதர்கள் வந்து போகும் இடத்தில் ரத்தம் என்ற வார்த்தையா? அதனால் ரெட் ஸ்நாப்பர் என்று மெனுவில் மாற்றினார்கள். அது ஒரு மீனின் பெயர். நம்ம ஊரில் சங்கரா என்போமே, அந்த வகைதான். மெனுவில் மாற்றினாலும் மக்கள் வாயில் பிளடி மேரிதான் நின்றது.

நட்சத்திரமா? தொழிலாளியா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம்.

ஜார்ஜ் ஜெஸ்ஸல் என்று ஒரு அமெரிக்க நகைச்சுவை நடிகர் இருந்தார். 1925-ல் தி ஜாஸ் சிங்கர் நாடகத்தின் நாயகனாக பிராட்வே மேடையில் கலக்கியவர். 1927-ல் புளோரிடாவின் பாம் பீச்சில் இரவு முழுக்க விருந்து முடிந்த காலையில் பிளடி மேரியைத் தான்தான் உருவாக்கியதாக அவர் சொல்லிக்கொண்டார். சும்மா சொல்லவில்லை. 1939-லேயே நியூயார்க் பத்திரிகைப் பத்தி ஒன்றில் ஜெஸ்ஸலின் புதுப் பானம் என்று, பாதி வோட்கா பாதி தக்காளிச் சாறு என்ற விவரத்தோடு செய்தி வந்திருக்கிறது. பிறகு ஒரு வோட்கா நிறுவனம் அவரையே விளம்பரத்திலும் போட்டது.

நட்சத்திரத்தின் படம் பத்திரிகையில் வரும். பார்டெண்டரின் படம் எங்கே வரும்?

ஆனால் பெத்தியோ இதில் வம்புக்கு நிற்கவில்லை. 1964 பேட்டியில் ஜெஸ்ஸலின் உரிமைகோரலை அவர் மறுக்கவே இல்லை. தன் கைக்கு வந்தபோது அது வெறும் வோட்காவும் தக்காளிச் சாறும்தான், இன்றைய பிளடி மேரியைத் தொடங்கியது தான் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். அடுத்தவருக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட்டு, தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்ட நேர்மை அது.

யோசிச்சுப் பாருங்க. தண்ணீரில் தக்காளியைக் கரைத்தால் ரசம் ஆகிவிடுமா? புளி, மிளகு, பூண்டு, பெருங்காயம், எதை எப்போது எவ்வளவு போடுவது என்று தெரிந்த கை வேண்டும். அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் ரசம் வைத்தவர். அந்தக் கணக்கில் பார்த்தால் இன்று நாம் அறிந்த பிளடி மேரி பெத்தியோவுடையதுதான்.

கடைசிக் காலம்

1966-ல் பெத்தியோ ஓய்வு பெற்றார். பிறகு தான் முதலில் வந்திறங்கிய கேன்டன் நகரத்துக்கே திரும்பினார். 1975 ஜனவரியில் அங்கேயே காலமானார். வயது 74.

அந்தப் பானத்துக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. அவர் பெயரில் பாட்டிலும் விற்கவில்லை. அவர் போன பிறகு பானம் மட்டும் ஊர் ஊராக மாறிக்கொண்டே போனது. செலரித் தண்டு, ஊறுகாய், இறால் என்று எதையெதையோ கோப்பையில் செருக ஆரம்பித்தார்கள். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் இன்றைய செய்முறையில் வோட்கா 45 மில்லி, தக்காளிச் சாறு 90 மில்லி. அதாவது சரக்கு குறைந்து, சாறு ஒன்றரை மடங்காகிவிட்டது. குலுக்குவதும் போய், மெதுவாகக் கலக்கினால் போதும் என்றாகிவிட்டது. உப்பு, மிளகு, வூஸ்டர்ஷயர், எலுமிச்சை மட்டும் பெத்தியோ வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

வீட்டில் மது இல்லாமல் செய்வது எப்படி?

வோட்கா இல்லாத பிளடி மேரிக்கு வர்ஜின் மேரி என்று பெயர். ருசியைக் கொடுப்பது மசாலாதான் என்பதால் மதுவை எடுத்துவிட்டாலும் பானம் நிற்கும். இரண்டு டம்ளருக்கான அளவு இது.

1. நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி அரை கிலோ எடுங்க. கழுவி, கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுத்துத் தோலை உரியுங்க. ஆறியதும் மிக்சியில் அரைத்து வடிகட்டுங்க. பச்சையாக அரைத்தால் பச்சை வாடை அடிக்கும். அதனால் வேகவைப்பதைத் தவிர்க்க வேண்டாம்.

2. சாற்றை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்க. சூடான சாற்றில் ஐஸ் போட்டால் தண்ணியாகிவிடும்.

3. ஒரு குவளையில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் புதிதாக இடித்த மிளகு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் போடுங்க. 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு ஊற்றுங்க. பெத்தியோ முறைப்படி மசாலா முதலில், சாறு பிறகு.

4. வூஸ்டர்ஷயர் சாஸ் இருந்தால் 1 டீஸ்பூன். இல்லையா? கவலை வேண்டாம். கெட்டிப் புளிக்கரைசல் 1 டீஸ்பூன், வினிகர் அரை டீஸ்பூன், துருவிய வெல்லம் ஒரு சிட்டிகை, நசுக்கிய பூண்டு பாதிப் பல், இவற்றைக் கலந்து வடிகட்டிச் சேருங்க. அதே ருசி வராது. ஆனால் அந்தப் புளிப்பும் இனிப்பும் கலந்த அடித்தளம் வந்துவிடும்.

5. தக்காளிச் சாற்றை ஊற்றி ஸ்பூனால் மெதுவாகக் கலக்குங்க. வேகமாகக் குலுக்கினால் நுரை கட்டிச் சாறு நீர்த்துப்போகும்.

6. ஐஸ் போட்ட டம்ளரில் ஊற்றி, வெள்ளரித் துண்டு ஒன்றைச் செருகிப் பரிமாறுங்க. செலரியைத் தேடி அலைய வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

சைவம் சாப்பிடுபவர்கள் வூஸ்டர்ஷயர் சாஸ் வாங்கும்போது பாட்டிலில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்க. அசல் செய்முறையில் மீன் உண்டு.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. சாஸிலேயே உப்பு இருக்கும். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குத் தக்காளியும் மிளகாயும் எலுமிச்சையும் வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாது.

இரவு குடித்த போதையை மறுநாள் காலை பிளடி மேரி தீர்த்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது உண்மை இல்லை. மறுபடியும் மது குடித்தால் தலைவலி தள்ளிப்போகும், தீராது. எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் மது பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

காரைக்கால் வருபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இங்கே விலை குறைவு என்று மது பாட்டில்களை வாங்கி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோனால் மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு பாயும்.

பாட்டில் இல்லாமலே பெத்தியோவின் கைப்பக்குவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தக்காளி சந்தையில் கிடைக்கும். மிளகும் புளியும் ஏற்கெனவே அஞ்சறைப்பெட்டி பக்கத்திலேயே இருக்கு.